புளியில் தேய்த்த பித்தான்

1

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்ததும் நாலு. ஒன்றையும் பசிக்க விட்டதில்லை, அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க விட்டதில்லை. பெண்கள் இரண்டு பேரும் ஆரணிப் பக்கம் எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். சின்னவன் குமரேசன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறான். நானும் ஆறு வருஷமாக அவனோடுதான். பெரியவன் ஏழுமலை பட்டாளத்தில் இருந்தான். எல்லையில், பனிமலையில் போய்விட்டான்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது வேண்டும். இங்கே தமிழ்ச் சங்கத்து மலருக்குப் பெரியவர்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள், ஊரிலும் படிப்பார்கள் என்றார்கள். மற்றவர்கள் வடாம் போடுவது, ஊறுகாய் போடுவது என்று எழுதிக் கொடுத்தார்களாம். எனக்கும் ஊறுகாய் போடத் தெரியும். ஆனால் நான் எழுத நினைத்தது ஒரு பித்தானைப் பற்றி. இந்த வாரம் ஏழுமலையின் நினைவு நாள் வந்து போனது. அதிலிருந்து இது நெஞ்சிலேயே நிற்கிறது.

2

குமரேசனுக்குப் பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் சுதாவுக்கும் அதே வேலைதான், வீட்டிலிருந்தே பார்க்கிறாள். காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டால் நான் மிக்சி போடக் கூடாது, குக்கரை விசில் விடக் கூடாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குப்பை வண்டி வருகிறதா, தபால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேத்தி யாழினிக்குப் பன்னிரண்டு வயது. என்னை ஆயா என்று கூப்பிடுவாள். சுதா மெட்ராஸ்காரி, அவள் பக்கத்தில் ஆயா என்றால் வேலைக்காரியாம். பாட்டி என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அப்பனைப் பெற்றவள் ஆயாதான், நான் விடவில்லை. இந்த நாட்டில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெண் சின்னதில் என்னோடு வாய் ஓயாமல் தமிழ் பேசும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வார்த்தையாக உதிர்ந்துபோனது. இப்போது நான் தமிழில் கேட்பேன், அது இங்கிலீஷில் பதில் சொல்லும். பசிக்கிறதா என்றால் "நாட் ரியலி" என்னும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கும். வாசித்ததற்கு அர்த்தம் கேட்டால் தோளைத் தூக்கிக் காட்டும்.

குமரேசனுக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பழக்கம் வந்தது. மெட்டல் டிடெக்டர் என்று ஒரு கருவி வாங்கினான். நீளக் கம்பி, அதன் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வட்டத்தைத் தரைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே நடப்பான். மண்ணுக்குள் இரும்போ ஈயமோ இருந்தால் அது கத்தும். உடனே மண்டி போட்டு, மண்ணைச் சதுரமாக வெட்டித் தூக்கி, கிளறிப் பார்த்துவிட்டு, திரும்பவும் மூடித் தட்டி வைப்பான். இது எதற்குடா என்று கேட்டேன். "ஆபீஸ்ல நாள் முழுக்க பண்றது எதுவும் கையில நிக்க மாட்டேங்குதும்மா. இது நிக்குது" என்றான்.

இந்த நாடும் இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்டுத்தான் விடுதலை வாங்கியதாம். அந்தக் காலத்துப் பட்டாளங்கள் இந்தப் பக்கத்து வயல்களில்தான் நடந்தும் தங்கியும் சுட்டும் இருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் வால்டர் என்ற பெரியவரின் நிலம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சோளமும் பூசணியும் போடுவார். சோளம் அறுத்த பிறகு வந்து தேடிக்கொள் என்று குமரேசனுக்கு அனுமதி கொடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் நானும் போவேன். வரப்பு ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்த்தி வைப்பான்.

அங்கே சோளத்துக்கு நடுவில் முளைக்கீரையும் பருப்புக்கீரையும் தானாக முளைத்துக் கிடக்கும். வெயில் காலத்தில் ஒரு நாள் நான் மடி நிறையப் பறித்தேன். வால்டர் பார்த்துவிட்டு, இதை என்ன செய்வீர்கள் என்று கையால் கேட்டார். வாயைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் ஆடியது. வருஷம் முழுக்க மருந்தடித்து இதைத்தான் ஒழிக்கப் பார்க்கிறாராம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மருந்தடித்த செய்தியைக் கேட்ட சுதா, கீரையை அப்படியே குப்பையில் போட்டுவிட்டாள்.

குமரேசனுக்கு அகப்படுவதெல்லாம் பெரும்பாலும் பீர் டின் மூடி, டிராக்டர் நட்டு, லாடம். எப்போதாவது ஈயக்குண்டு ஒன்று கிடைக்கும். கோலிக்குண்டு அளவுதான், ஆனால் கையில் வைத்தால் கனக்கும். உருண்டையாக இருந்தால் யாரோ கீழே தவற விட்டதாம். சப்பையாக இருந்தால் எதிலோ பட்டதாம். அவன் எனக்கு உருண்டையை மட்டும்தான் காட்டுவான். சப்பைக் குண்டுகளை எங்கே வைத்திருக்கிறான் என்று நானும் கேட்டதில்லை.

3

அந்த நிலத்தின் மூலையில் ஒரு பெரிய வால்நட் மரம். அதைச் சுற்றி ஒரு வண்டி நிற்கிற அளவு இடத்தில் ஏர் பட்டதே இல்லை. வால்டரின் பாட்டனும் உழவில்லை, அவருக்கு முன்னால் இருந்தவர்களும் உழவில்லை. அந்த மரத்தடியில் பட்டாளத்தான் ஒருவனைப் புதைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். எழுத்தில்லாத ஒரு கல் மட்டும் கிடந்தது. யார், எந்தப் பட்டாளம், ஒன்றும் தெரியாது. டிராக்டர் ஒவ்வொரு தடவையும் அந்த மூலையை ஒதுங்கி வளைந்துதான் போகும். குமரேசனையும் அங்கே தோண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்.

போன வருஷம் வால்டரின் பிள்ளைகள் நிலத்தை விற்க ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள், யாருக்கும் விவசாயம் வேண்டாம். வாங்கிய கம்பெனி அங்கே பெரிய கோடவுன் கட்டப் போகிறது. மரத்தடியைப் பற்றி வால்டர் சொன்னதற்கு, கம்பெனி ஆட்கள் வந்து அங்கங்கே சின்னக் குழி போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் போர்டு கூட்டத்தில் அனுமதி கொடுத்துவிட்டால் மரமும் போகும், மூலையும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் குமரேசனுக்குப் பித்தான் கிடைத்தது. ஏர் படாத இடத்துக்கு ஒரு அடி வெளியே, உழுத மண்ணில். ஒரு ரூபாய் அளவு இருக்கும். கறுப்பாக, மேலே புற்று மாதிரி மண் பொருக்கு. மண்ணை ஊதிவிட்டு என்னிடம் ஓடி வந்து காட்டினான். சின்னப் பிள்ளையில் பொன்வண்டு பிடித்து வந்து காட்டுவானே, அந்த முகம்.

"ஒரு சோல்ஜரோட பட்டன்ம்மா. இங்கிலீஷ்காரன் பட்டாளத்துல ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு நம்பர். அதை பட்டன்ல போட்டிருப்பான். பாரு, ஒரு கோடு தெரியுது, ஒரு வளைவு தெரியுது."

நம்பர் தெரிந்தால் என்ன என்று கேட்டேன். நம்பர் தெரிந்தால் எந்தப் பட்டாளம் என்று தெரியும். அந்தப் பட்டாளத்தில் இந்தப் பக்கம் செத்தவர்களின் பேர் எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களாம். மியூசியத்தில் ஒரு அம்மா இருக்கிறாள், அவள் பார்த்து எழுதிக் கொடுத்தால் போர்டில் கேட்பார்கள், மூலையை விட்டுவைப்பார்கள். பேர் கிடைத்தால் கல்லில் பேரே எழுதலாம். வால்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி நின்றார்.

குமரேசன் அந்தக் குழி மண்ணையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அதற்குள் பித்தானை வைத்து, வீட்டில் துணி துவைக்கிற மெஷினுக்கு மேலே வைத்தான். மியூசியத்து அம்மா அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தாள்.

4

ஏழுமலை லீவில் வந்தால் முதல் வேலையாக நான் அவன் உடுப்பைத் துவைப்பேன். பித்தளைப் பித்தான்களையும் பெல்ட்டுப் பட்டையையும் தனியாகக் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். அவன் டின்னில் கொண்டுவருகிற பாலிஷ் பக்கத்தில் நிற்காது. தேய்க்கத் தேய்க்கச் சிங்கத் தலை ஒவ்வொன்றாக மேலே எழுந்து வரும். "கேப்டன் கேக்குறாரும்மா, யார்ரா உன் பித்தானை தேய்ச்சதுன்னு" என்பான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்தில் இருப்பான். எந்த வீட்டுப் பிள்ளை பித்தானில் முகம் தெரிகிறது என்று பெண்களுக்குள் போட்டியே உண்டு.

அவன் போன பிறகு அவனுடைய டிரங்குப் பெட்டியில் வந்த சாமான்களில் பித்தான்களும் இருந்தன. ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன். விமானத்தில் வரும்போது மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வருஷா வருஷம் நினைவு நாளில் அவற்றைத் தேய்த்து, படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். கருவாட்டுக் குழம்பு உண்டு. அதற்காகச் சுதா வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பாள். ஆனால் வேண்டாம் என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. நல்ல பெண்.

போன வருஷம் நினைவு நாள் வந்தபோது அந்த மண் டப்பா துணி மெஷின் மேலே இருந்தது. காலையில் குமரேசன் வாழை இலை வாங்க இந்தியக் கடைக்குப் போயிருந்தான். நான் சிங்க்கில் ஏழுமலையின் பித்தான்களைத் தேய்த்து முடித்தேன். கையில் புளி இன்னும் இருந்தது. மெஷின் மேலே இருக்கிறதே, அதுவும் ஒருத்தி பெற்ற பிள்ளையின் பித்தான்தானே, அது மட்டும் மண்ணில் கிடக்க வேண்டுமா என்று நினைத்தேன். தேய்த்தால் அந்த நம்பரும் எழுந்து வருமே, குமரேசன் வந்ததும் காட்டலாமே என்றும் நினைத்தேன்.

எடுத்துத் தேய்த்தேன். முதலில் கறுப்பு போனது. பிறகு வெள்ளி மாதிரி ஒரு வெளுப்பு வந்தது. நம்பர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் வரும் என்று கம்பி நார் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் வரவில்லை. மழமழவென்று ஆகிவிட்டது. சரி, சுத்தமாவது ஆனதே என்று துடைத்து, ஏழுமலையின் பித்தான்களோடு வரிசையில் வைத்தேன்.

குமரேசன் இலையோடு வந்து படத்துக்கு முன்னால் குனிந்தவன் அப்படியே நின்றான்.

"அம்மா, இதை எதுல தேய்ச்ச?"

"புளியிலதான். உங்கண்ணன் பித்தானோட சேர்த்துத் தேய்ச்சேன். நம்பர்தான் வரலடா. வெயில்ல வெச்சுப் பாரு, உன் கண்ணுக்குத் தெரியும்."

ஜன்னலுக்கு எடுத்துப் போனான். இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். அது பித்தளை இல்லை, ஈயம் கலந்த மெத்தென்ற உலோகம்; அந்தப் பொருக்கோடு ஒட்டிக்கொண்டுதான் நம்பர் இருந்திருக்கிறது என்று சுதா பிறகு சொன்னாள். குமரேசன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எழுந்து வந்து இலை போட்டு, அண்ணனுக்குப் பிடித்த ரம்மில் ஒரு மூடி ஊற்றி வைத்து, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டான். சாப்பாடு போட்டேன், சாப்பிட்டான்.

5

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கிரீன் கார்டு எடுக்கும்போது கைரேகை வைக்க ஒரு ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இருந்த பெண் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் அழுத்தினாள். மெஷின் பிடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்தாள், திரும்ப அழுத்தினாள். பிடிக்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், அன்றும் இல்லை. ரேகை தேய்ந்துபோயிருக்கிறதாம். பாத்திரம் தேய்த்த கை என்று குமரேசன் சொல்லிப் பார்த்தான். நான் கைநாட்டு இல்லை, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று அவளிடம் சொல்லச் சொன்னேன். அவன் சொல்லவில்லை. ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் நான் யாரென்று எழுதி வாங்கி வந்த பிறகுதான் விட்டார்கள்.

6

மியூசியத்து அம்மா கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தாள். இதில் ஏதோ இருந்திருக்கலாம், இப்போது இல்லை, இல்லாததை நான் எப்படி எழுதுவேன் என்றாளாம். கோபமில்லை அவளுக்கு. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்படியும் குமரேசன் விடவில்லை. போர்டு கூட்டத்துக்கு வால்டரோடு போகிறேன் என்றான். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு காரில் போய் முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டேன். யாழினியும் வந்தாள்.

பள்ளிக்கூட ஹால் மாதிரி ஒரு இடம். மேடையில் மேஜை போட்டு ஏழெட்டுப் பேர். பேசுகிற ஆளுக்கு மூன்று நிமிஷம், முன்னால் கடிகாரம் ஓடும். குமரேசன் பித்தானைக் காட்டிப் பேசினான். கம்பெனியின் வக்கீல் எழுந்து ஏதோ கேட்டார். என்ன கேட்கிறார் என்று யாழினியைக் கேட்டேன். இதில் அடையாளம் ஒன்றும் இல்லையே, யார் இதைத் தேய்த்தது என்று கேட்கிறாராம். குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். என் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் எழுந்து நின்றேன்.

மேடையில் இருந்தவர் என்னை மைக்குக்கு வரச் சொன்னார். பேரும் விலாசமும் கேட்டார்கள். யாழினியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னேன். நான் சொன்னது இதுதான்:

"நான்தான் தேய்ச்சேன். எங்க ஊர்ல பட்டாளத்துக்குப் போன பிள்ளையோட பித்தானை அழுக்கா வெக்க மாட்டோம். என் பெரிய பிள்ளையை பெட்டியில வெச்சு மூடிக் குடுத்தாங்க. தொறக்கக் கூடாதுன்னாங்க, தொறக்கல. முகத்தைப் பாக்கல. பெட்டி மேல பேர் எழுதியிருந்துச்சு, வாத்தியார் வாசிச்சார், அந்தப் பேரை நம்பித்தான் அடக்கம் பண்ணோம். இந்தப் பிள்ளைக்கு இருந்த பேரு என் கையால போயிடுச்சு. ஆனா பேரு போனா ஆளே இல்லன்னு ஆயிடுமா? இந்தப் பெரியவர் வூட்ல அப்பன், பாட்டன், முப்பாட்டன்னு அந்த மரத்தடியில ஏர் ஓட்டாம விட்டு வெச்சிருக்காங்க. விளையற நெலம். யாரும் இல்லாத எடத்தை எந்த சம்சாரி சும்மா விடுவான்? அதைவிட என்ன எழுத்து வேணும் உங்களுக்கு?"

பேசி முடித்தபோது கடிகாரத்தில் கொஞ்சம்தான் மீதி இருந்தது. யாழினியின் முகம் சிவந்திருந்தது. அத்தனை பேரும் அவளைப் பார்க்கிறார்கள். மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வரி சொன்னாள். அதில் எனக்குப் புரிந்த வார்த்தை ஒன்றுதான். சாரி.

மேடையில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, பாவம் என்பது மாதிரிச் சிரித்தாள். பிறகு கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

காரில் வரும்போது கேட்டேன். "நான் சாரி சொன்னேனாடி?"

"தட்ஸ் வாட் பீப்பிள் சே, ஆயா."

"மரத்தைப் பத்தி சொன்னேனே. ஏர் ஓட்டாததைப் பத்தி சொன்னேனே."

"நீ ஃபாஸ்ட்டா பேசினே. ஐ டிடின்ட் கெட் இட்." அழ ஆரம்பித்துவிட்டாள். குமரேசன் வண்டியை ஓட்டிக்கொண்டே, "விடும்மா" என்றான். சம்சாரி என்றால் உழுது பிழைக்கிறவன் என்று அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து தெரியும்? ஏர் என்றால் என்னவென்று நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேனா, சுதா சொல்லிக் கொடுத்திருக்கிறாளா? யாரைக் கோபித்துக்கொள்வது? அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

7

பனி உருகின பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தோம். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே விடவில்லை. மரம் இல்லை. மண்ணைத் தள்ளிச் சமமாக்கியிருந்தார்கள், எது மூலை என்றே தெரியவில்லை. வால்டர் அப்போதே டெக்சாசில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, குமரேசன் திருப்பிக் கொடுத்த பித்தானை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனார். குமரேசனின் கருவி கராஜில் சாய்ந்து கிடக்கிறது. எடுத்துக்கொண்டு எங்கேயாவது போடா என்று மூன்று சனிக்கிழமை சொல்லிப் பார்த்தேன், பிறகு நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷமும் நினைவு நாளுக்கு எல்லாப் பித்தான்களோடும் அதைச் சேர்த்துத் தேய்த்தேன். இனி அதிலிருந்து போவதற்கு என்ன இருக்கிறது? ஏழுமலையோடு வரிசையில் வைத்தேன். பேர் தெரியாததால் இன்னாருக்கு என்று சொல்லிப் படைக்க முடியவில்லை. இலையில் ஒரு கை சோறு கூடுதலாக வைத்தேன். கருவாடு அந்தப் பிள்ளை சாப்பிடுமோ என்னவோ.

சாரி கேட்பதானால் அந்தப் பிள்ளையைப் பெற்றவளிடம் கேட்பேன். அவள் எந்த ஊரில் எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்து செத்தாளோ. மேடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவர்களிடம் நான் கேட்டது வேறு. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன்.

யாழினி, போனைக் கீழே வை கண்ணு. இந்தக் காகிதத்தை எடு. முதலிலிருந்து வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேனே, அங்கிருந்து வாசி. எழுத்துக் கூட்டியே வாசி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேள், சொல்கிறேன். வாசித்து முடித்துவிட்டு, நான் பேசியதில் நீ சொன்ன அந்த வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.